மாமா நிமிர்த்திய சக்கரம்

என் நாற்காலிக்கு மாலை போட்டிருந்தார்கள். எனக்குப் போடவில்லை.

சாமந்தி மாலை. சாய்மானத்தில் சந்தனம், சந்தனத்தின் மேல் குங்குமம், இரண்டு சக்கரங்களுக்கும் அடியில் ஆளுக்கொரு எலுமிச்சம்பழம். அதற்கு இடது பக்கம் ஒரு டிராக்டர், வலது பக்கம் வரிசையாகச் சைக்கிள்கள். எல்லாருக்கும் முன்னால் ஒரு பலகை, அதன்மேல் சுத்தியல், ஸ்பேனர், ரம்பம், வெல்டிங் ராடு. ஊதுபத்திப் புகையும் கிரீஸ் வாசனையும் கலந்து, கோயிலுக்குள் பஸ் ஸ்டாண்டு புகுந்துவிட்டது போல ஒரு மணம்.

நான் கொஞ்சம் தள்ளி, பழைய டிராக்டர் டயர் ஒன்றின் மேல் உட்கார்ந்து பொரி தின்றுகொண்டிருந்தேன். அதற்குப் பிறகு எனக்கு எத்தனையோ பாராட்டு விழாக்கள் நடந்திருக்கின்றன. அன்றைக்கு என் நாற்காலிக்கு நடந்த அளவுக்கு எதுவும் மனப்பூர்வமாக நடந்ததில்லை.

இடம், கிருமாம்பாக்கத்தில் கடலூர் ரோட்டை ஒட்டிய பாவாடை மாமாவின் பட்டறை. நாள், ஆயுத பூஜை. வருஷம் கேட்காதீர்கள். ஊரில் முதன்முதலாக டச் போன் வாங்கியவர் அதை எல்லாருக்கும் ஒருமுறை தொட்டுப் பார்க்கக் கொடுத்துக்கொண்டிருந்த காலம்.

பாவாடை மாமா என் அக்கா செல்வியின் கணவர். எங்கள் பக்கத்தில் பாவாடை என்பது ஆண்பிள்ளைக்கு வைக்கும் சாமி பெயர். வெளியூர் வாசகர்கள் சிரித்து முடித்துவிட்டு அடுத்த பத்திக்கு வரலாம்.

“எப்டி மாப்ள?” என்றார் மாமா.

“பிரமாதம் மாமா.”

“நல்லா பாரு.”

நல்லா பார்த்தேன். ஏதோ சரியில்லை. முந்தின நாள் துடைத்து எண்ணெய் போடுவதற்காக விட்டுப் போன நாற்காலி இரண்டு விரல் வளர்ந்திருந்தது. வளர்ந்ததோடு இளைத்தும் இருந்தது.

“மாமா, சக்கரம் ரெண்டும் நேரா நிக்குது.”

“ஆமா” என்றார். பேரன் பிறந்த செய்தி சொல்பவரின் முகம். “ரெண்டும் கோணையா இருந்துச்சி. பார்சல்ல வர்றப்போ எவனோ ஏறி மிதிச்சிட்டான் போல. நீ கூச்சப்பட்டுகினு சொல்லாம வுட்டுட்ட. நான் இன்னா அந்நியமா? குழாய சூடு காட்டி, தட்டி, நூல் புடிச்சி நிமித்திட்டன்.”

வாயில் இருந்த பொரியை மெல்லுவதா துப்புவதா என்று தெரியாமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

கோணல் ஏன்?

இந்தத் தொடரைப் போன வாரம் படிக்காதவர்களுக்காக என் வரலாற்றைச் சுருக்கிச் சொல்கிறேன். சின்ன வயதில் போலியோ. கால் இரண்டும் என்னோடு ஒத்துழைக்க மறுத்துவிட்டன. கைக்கு வலு வரட்டும் என்று பிள்ளையார்குப்பத்தில் உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்த அக்கா ஒருவர் ஒரு டென்னிஸ் பந்தைக் கொடுத்து, தினமும் அமுக்கச் சொன்னார். அமுக்குவது அலுத்துப்போய் ஒருநாள் அதைச் சுவரில் அடித்தேன். அது திரும்பி வந்தது. நம்மைத் தேடி ஒரு பொருள் தானாக வருவது எனக்குப் புது அனுபவம். அன்றிலிருந்து அடித்துக்கொண்டே இருந்தேன்.

டென்னிஸ் ஆடும் சக்கர நாற்காலி ஆஸ்பத்திரி நாற்காலி மாதிரி இருக்காது. சக்கரங்கள் மேலே நெருங்கியும் கீழே அகன்றும் சாய்ந்திருக்கும். மல்யுத்தத்துக்குக் கால் பரப்பி நிற்பவனை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சாய்வு இருந்தால்தான் சட்டென்று திரும்ப முடியும். திரும்பும்போது பக்கவாட்டில் கவிழாமல் இருக்க முடியும். அந்தக் கோணலுக்குத்தான் அந்த நாற்காலி.

அதுவரை ஒரு ஆஸ்பத்திரி நாற்காலியை வைத்துக்கொண்டு ஆடினேன். ஆடினேன் என்பதைவிட, பந்து போன பிறகு அந்த இடத்துக்குப் போய் விசாரித்துவிட்டு வந்தேன் என்று சொல்லலாம். வில்லியனூர் சூசைநாதனிடம் வெயில்காலம் மழைக்காலம் என்ற பாகுபாடு இல்லாமல் தோற்றுக்கொண்டிருந்தேன். சூசை ஒல்லி, வேகம், அதிகம் பேசமாட்டார். ஆட்டத்துக்கு நடுவில் பிஸ்கட் தின்பார். எதிராளி பிஸ்கட் தின்றுகொண்டே நம்மைத் தோற்கடிப்பதைப் போன்ற அவமானம் உலகத்தில் கிடையாது.

அப்போதுதான் சென்னையில் ஒரு புண்ணியவான் மனமிரங்கி, என் இடுப்பை அளவெடுத்து அந்த நாற்காலியைச் செய்து அனுப்பினார். ஆயுத பூஜைக்கு மறுநாள், விஜயதசமி காலையில், புதுச்சேரி டவுன் டென்னிஸ் கோர்ட்டில் எனக்கும் சூசைக்கும் ஆட்டம். ஜெயிக்கிறவர் ஒருவர் மட்டும் பெங்களூரில் நடக்கும் தேசியப் போட்டிக்குப் போகலாம். எனக்கு வயது ஏறிக்கொண்டிருந்தது. அந்த முறை போகாவிட்டால் பிறகு யாரும் என்னைக் கூப்பிடப் போவதில்லை என்று எனக்குத் தெரியும்.

இந்த நிலையில்தான் மாமா நூல் பிடித்திருக்கிறார்.

வண்டியா, ஆயுதமா?

“மாமா, அது கோணலாத்தான் இருக்கணும்.”

“இன்னா சொல்ற?”

“அப்பிடித்தான் செஞ்சி அனுப்பினாங்க. மறுபடியும் கோணலாக்கு. நாளைக்குக் காலையில மேட்சு.”

மாமா என்னைப் பார்த்தார். பிறகு அக்காவைப் பார்த்தார். எனக்கு வெயில் ஏறிவிட்டது என்று இருவரும் கண்ணாலேயே பேசி முடித்தார்கள்.

எங்கள் ஊருக்கு என் டென்னிஸின் மேல் ஏற்கெனவே ஒரு சந்தேகம் உண்டு. சக்கர நாற்காலி ஆட்டத்தில் பந்து இரண்டு முறை தரையில் குத்திய பிறகும் அடிக்கலாம். அதுதான் விதி. ஊரில் ஒருவரும் அதை நம்பவில்லை. “ரெண்டு தபா குத்துனா அவுட்டுடா. இவன் நம்ம ஊர்ப் பையன்னு சலுகை குடுக்கறானுங்க” என்று டீக்கடையில் பெருந்தன்மையாகப் பேசிக்கொள்வார்கள். இப்போது கோணல் சக்கரமும் வேண்டும் என்று கேட்டால்?

ஒருவழியாக நான் சொன்னது மாமாவுக்குப் புரிந்தது. புரிந்ததும் அவர் முகம் அந்த எலுமிச்சம்பழம் அளவுக்குச் சுருங்கியது. நியாயமான மனிதர். “செரி, கோணையாக்கிடலாம்” என்றார். உடனே, “ஆனா இன்னைக்கி முடியாது” என்றார்.

“ஏன்?”

“சுத்தி, கேஸ் டார்ச்சு எல்லாம் படைச்சாச்சே மாப்ள.”

ஆயுத பூஜைக்குப் படைத்த கருவியை மறுநாள் மறுபூஜை போட்ட பிறகுதான் கையில் எடுக்க வேண்டும். மறுநாள் நல்ல நேரம் பத்தரைக்கு மேல். என் ஆட்டம் எட்டு மணிக்கு.

“ஒரே ஒரு சுத்தி மாமா. ஓரமா இருக்குதே, அது.”

“அதுக்குத்தான் மொத பொட்டு வெச்சன்.”

அப்போது அக்கா ஒரு புதுக் குண்டைப் போட்டாள். “சுத்திய வுடு. இந்த நாற்காலிய மட்டும் நாளைக்கிக் காலையில எடுக்கலாமா? அதுவும்தான் படைச்சிருக்குது.”

மூன்று பேரும் நாற்காலியைப் பார்த்தோம்.

மாமா யோசித்தார். “வண்டின்னா எலுமிச்சம்பழத்து மேல ஏத்திட்டு ஓட்டலாம். தோஷமில்ல. ஆயுதம்னா எடுக்கக் கூடாது. இது வண்டியா ஆயுதமா?”

“வண்டி மாமா! சக்கரம் இருக்குதே!”

“சாண புடிக்கிற மிஷினுக்கும்தான் சக்கரம் இருக்குது” என்றாள் அக்கா. என் கூடப் பிறந்தவள்.

“இதுல உக்காந்துகினு ஒருத்தன அடிக்கறயா இல்லியா?” என்று மாமா குறுக்கு விசாரணையைத் தொடங்கினார்.

“பந்தைத்தான் அடிக்கிறேன்.”

“எதுக்கால ஆளு நிக்கறானே. அவன ஜெயிக்கத்தான அடிக்கற? அப்ப ஆயுதம்.”

அரைமணி நேரம் வாதாடினேன். கடைசியில், உட்கார்ந்து போவதால் நாற்காலி வண்டி என்றும், மட்டைதான் ஆயுதம் என்றும் தீர்ப்பானது. மட்டையைப் பற்றிப் பேச்செடுத்ததே தப்பு. அது வீட்டில் சாமிப் படத்துக்கு முன்னால், அக்காவின் அரிவாள்மணைக்குப் பக்கத்தில், பொட்டு வைத்துப் படுத்திருந்தது. அதற்கு மட்டும் விடியற்காலையில் தனியாக ஒரு சின்ன மறுபூஜை போட்டுத் தருகிறேன் என்று அக்கா இரக்கப்பட்டாள். பட்டறைக் கருவிக்கு நல்ல நேரம் பார்க்காமல் முடியாது என்று மாமா முன்கூட்டியே கையை விரித்தார்.

கடலூர் ரோடு முழுக்கப் பொரி

வேறு பட்டறையில் முயற்சி செய்யலாம் என்று மாமாவே சொன்னார். பட்டறையில் இருந்த குட்டியானை வண்டியில் என்னையும் நாற்காலியையும் ஏற்றிக்கொண்டு புறப்பட்டார். மாலையோடுதான். கழற்றினால் ஆகாதாம்.

கிருமாம்பாக்கத்திலிருந்து தவளக்குப்பம் வரை எத்தனை பட்டறைகள் இருக்கின்றன என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. எல்லா வாசலிலும் வாழைக்கன்று. எல்லா வாசலிலும் உடைத்த பூசணிக்காய். எல்லாப் பலகையிலும் பொட்டு வைத்த சுத்தியல், தொட்டில் குழந்தைபோலத் தூங்கிக்கொண்டிருந்தது.

“அண்ணே, ஒரு குழாய வளைக்கணும்.”

“இன்னைக்கா? உக்காருங்க, பொரி சாப்புடுங்க.”

அடுத்த பட்டறை.

“அண்ணே, சின்ன வேலை.”

“அய்ய, படைச்சாச்சேபா. தம்பிக்குப் பொரி குடு. சுண்டலும் வையி.”

வளைக்கிற வேலை எங்கேயும் நடக்கவில்லை. பொரி மட்டும் ஏறிக்கொண்டே இருந்தது. தவளக்குப்பம் வருவதற்குள் பின்னால் இருந்த நாற்காலி கழுத்தளவு பொரிப் பொட்டலத்தில் உட்கார்ந்திருந்தது.

தவளக்குப்பத்தில் முஸ்லிம் பாய் ஒருவரின் பட்டறை உண்டு. எனக்குத் திடீரென்று மூளை வேலை செய்தது. “மாமா, பாய் வூட்ல பூஜை கிடையாது! சுத்தி ஃப்ரீயா இருக்கும்!”

மாமா வண்டியை விரட்டினார். பாய் வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பின்னால் ஒரு பலகை. பலகையில் வரிசையாகச் சுத்தியல்கள். எல்லாவற்றுக்கும் பொட்டு.

“வேலை செய்யற பசங்க ஆசப்பட்டானுங்க” என்றார் பாய், கொஞ்சம் வெட்கத்தோடு. “நானே பொரி வாங்கிக் குடுத்து, லீவும் வுட்டுட்டன். தொட்டா பசங்க கோச்சுக்குவானுங்க. பொரி எடுத்துக்குங்க.”

மாமா வண்டியைத் திருப்பினார். கிருமாம்பாக்கம் வந்ததும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி சொன்னார்: “நாளைக்கி நீ தோத்தா, அது நான் தோத்தது மாப்ள.”

அதைக் கேட்டுக் கண்கலங்க வேண்டும் என்றுதான் நினைத்தேன். தொண்டையில் பொரி இருந்தது.

வண்டி இன்னும் சூடாவுல

மறுநாள் கோர்ட்டுக்கு நாங்கள் போன வண்டியில் பாதி ஊர் இருந்தது. மீதி இடத்தில் பொரி.

அம்பயர் நாற்காலியைச் சுற்றி வந்தார். பின்பக்கம் கயிற்றில் கோத்த எலுமிச்சம்பழத்தையும் மிளகாயையும் தூக்கிப் பார்த்தார்.

“என்னங்க இது?”

“திருஷ்டிங்க.”

கையில் இருந்த விதிப் புத்தகத்தைப் புரட்டினார். எலுமிச்சம்பழத்தைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை போலிருக்கிறது. மூடி வைத்துவிட்டார்.

சூசைநாதன் மட்டும் பிஸ்கட்டைக் கையில் வைத்துக்கொண்டு என் சக்கரங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். வாய்க்குக் கொண்டுபோகவில்லை.

முதல் செட்டை ஒரு வரியில் எழுதிவிடலாம். தோற்றேன். இடது பக்கம் வந்த பந்துக்குத் திரும்பினேன். நாற்காலி திரும்பவில்லை, கவிழ்ந்தது. பெல்ட் போட்டிருந்ததால் நானும் நாற்காலியும் பிரியாமல் ஒன்றாகவே விழுந்தோம். நான்கு பேர் வந்து பீரோ தூக்குவது போல நிமிர்த்தி வைத்தார்கள். ஊர் கைதட்டியது. அதுவும் ஆட்டத்தில் ஒரு பகுதி என்று நினைத்துவிட்டார்கள்.

இடைவேளையில் சூசையின் அண்ணன் மாமாவின் பக்கத்தில் வந்து நின்று, “இன்னா சார், சக்கரம் நேரா இருக்குது? புது மாடலா?” என்று கேட்டார்.

மாமாவுக்குப் பொய் சொல்ல வராது. தொழிலைப் பற்றிக் கேட்டால் அடக்கமும் வராது. “அலைன்மென்ட்டு இப்பத்தான் செரியா இருக்குது” என்றார் கோர்ட்டுக்கே கேட்கும்படி. “நேத்துத்தான் சூடு காட்டினோம். வண்டி இன்னும் சூடாவுல. சூடு ஏறட்டும், அப்பறம் பாரு.”

இது சூசையின் காதில் விழுந்தது.

இரண்டாவது செட்டில் சூசை என் வண்டி சூடு ஏறுவதற்காகக் காத்திருக்க ஆரம்பித்தார். ஒவ்வொரு பந்தையும் அடித்துவிட்டு என் சக்கரத்தைப் பார்ப்பார். பிறகு, அடிக்கும்போதே பார்க்க ஆரம்பித்தார். டென்னிஸில் ஒரு விநோதம் உண்டு. கண் எங்கே போகிறதோ பந்தும் அங்கேயே போகும். சூசை என் சக்கரத்தைப் பார்க்கப் பார்க்க, பந்து என் சக்கரத்துக்கே வந்தது. வலதும் இல்லை, இடதும் இல்லை. நேராக என் மடிக்கு.

எனக்குத் திரும்பத்தானே முடியாது? நேராகப் போக முடியும். நேராகப் பின்னால் வரவும் முடியும். மேசை இழுப்பறை மாதிரி முன்னே போய் ஒரு அடி, பின்னே வந்து ஒரு அடி. வாழ்க்கையிலேயே முதல்முறையாக நெட் வரைக்கும் போய்ப் பந்தைத் தரையில் விழவிடாமல் அடித்தேன். திறமையால் அல்ல; நெட்டுக்கு முன்னால் வண்டியை நிறுத்தத் தெரியவில்லை.

“சூடாயிடுச்சி!” என்று மாமா கத்தினார்.

சூசையின் முகம் வெளுத்தது. இரண்டாவது செட் எனக்கு.

மூன்றாவதில் அவர் கொஞ்சம் தெளிந்தார். பந்தை என் தலைக்கு மேலே தூக்கி அடித்தார். நான் திரும்பாமல் அப்படியே பின்னோக்கிப் போய், இரண்டாவது முறை குத்திய பிறகு, பயத்தில் கண்ணை மூடிக்கொண்டு அடித்தேன். “ரெண்டு தபா குத்திடுச்சி, அவுட்டு!” என்று கத்தியது எங்கள் ஊர்தான். நியாயஸ்தர்கள். அம்பயர் பாயின்ட்டை எனக்குக் கொடுத்தார்.

கடைசிப் பாயின்ட்டில் சூசை என்னைப் பார்க்காமல் காலியான மூலையைப் பார்த்துத்தான் அடித்தார். சரியான அடி. அங்கே போக எனக்கு வழியே இல்லை. அவசரத்தில் கொஞ்சம் அழுத்தி அடித்துவிட்டார். பந்து கோட்டுக்கு வெளியே நாலு விரல் தள்ளி விழுந்தது.

பெங்களூர்!

கை குலுக்கல்

நெட்டுக்குப் போய்க் கை குலுக்கினோம். குலுக்கியதில் குழாய் விட்டுவிட்டது.

மாமா சூடு காட்டிய இடத்தில் ‘டக்’ என்று ஒரு சத்தம். சக்கரங்கள் ஆளுக்கொரு பக்கம் படுத்துக்கொண்டன. நான் சூசையின் கையில் தொங்கிக்கொண்டிருந்தேன். அவர் விடவில்லை. ஒல்லியான மனிதர், ஆனால் பிடி இரும்பு.

என்னை இறக்கி உட்காரவைத்த பிறகு சூசை குனிந்து குழாயைப் பார்த்தார். விரலால் தடவிப் பார்த்தார்.

“தணிகா” என்றார். என் பெயர் தணிகாசலம். “இது இன்னா, சம்மட்டி அடியா?”

உண்மையைச் சொன்னேன். பார்சல், கோணல், நூல், பொட்டு வைத்த சுத்தியல், பாய் கடை வரை எல்லாவற்றையும். சூசை சிரிக்கவில்லை.

“அப்ப, சூடு ஏறுற வண்டின்னு அவுரு சொன்னது?”

“குழாய்க்குக் காட்டுன சூட்டத்தான் சொன்னார்.”

அதற்குப் பிறகு சிரித்தார். நாற்காலி குலுங்கச் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதில் எவ்வளவு சிரிப்பு, எவ்வளவு மற்றது என்று எனக்குத் தெரியாது. எனக்காவது வயதுதான் ஏறிக்கொண்டிருந்தது. அவர் என்னைவிட மூத்தவர்.

“பெங்களூருக்கு எதுல போவ?” என்று கேட்டார்.

அதுவரை நான் அதை யோசிக்கவில்லை. உடைந்த குழாயைப் பார்த்தேன். போட்டிக்கு ஒரு வாரம்கூட இல்லை. சென்னைக்குச் சொல்லி, செய்து, வந்து சேர ஒரு மாதம் ஆகும். ஜெயித்துவிட்டேன்; போகத்தான் வழியில்லை.

சூசை இடுப்புப் பெல்ட்டைக் கழற்றினார். தன்னுடைய பழைய நாற்காலியைக் கொண்டுவரச் சொல்லி அண்ணனிடம் கைகாட்டினார். அதில் மாறி உட்கார்ந்துகொண்டு, ஆட்டத்து நாற்காலியை என் பக்கம் தள்ளினார்.

“இதுல போ. உனுக்கு இடுப்புல கொஞ்சம் டைட்டா இருக்கும். பொரிய கொறச்சிக்க.”

“சூசை...”

“பேசாத. மொத ரவுண்டுல தோத்துட்டு வந்து நின்ன, அப்பறம் பேசறன்.”

அவர் பிஸ்கட் பொட்டலத்தை நீட்டினார். ஒன்றை எடுத்துக்கொண்டேன்.

மாமா வந்து சூசையின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு போய், குட்டியானையில் பொரி மூட்டைகளை ஒதுக்கி, பத்திரமாக வைத்தார். கயிறு போட்டுக் கட்டினார். கட்டி முடித்துவிட்டு இரண்டடி பின்னால் வந்து, ஒரு கண்ணை மூடி, சக்கரங்களை உற்றுப் பார்த்தார்.

பிறகு என் பக்கம் குனிந்து, சூசைக்குக் கேட்காதபடி ரகசியமாகச் சொன்னார்:

“பாவம் மாப்ள, இதுவும் கோணையாத்தான் இருக்குது.”

பெங்களூர் போகும் வரை நான் அந்த நாற்காலியை விட்டு இறங்கவே இல்லை.